எல்டனைக் கொண்டுவருவதா என்று கேட்டுக் கடிதம் வந்தது

அமெரிக்காவில் ஏரிக்கரைத் துறைமுக நகரமான டுலூத்தின் மேற்குப் பகுதியில் ஆர்டிஸ் லுண்டின் முகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அரோரா தியேட்டர் வாசலில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் உயரமான முக்காலியில் உட்கார்ந்து அவள் டிக்கெட் கொடுப்பாள். வெளியே நிற்பவர்களுக்கு மார்புக்கு மேலேதான் தெரியும். கீழே குளிர்காய ஒரு சின்ன மின்சார அடுப்பு. அதற்குப் பக்கத்தில் இருக்கும் வலது கால் வெந்துபோகும், கதவோரம் இருக்கும் இடது கால் விறைத்துப்போகும். நடுநடுவே முக்காலியைத் திருப்பிப் போட்டுக் கால்களை மாற்றிக்கொள்வாள்.

நான் உள்ளே பாப்கார்ன் விற்றேன். என் பெயர் ஐனோ. ஆட்டம் தொடங்கிக் கூட்டம் உள்ளே போனதும் அவள் கூண்டைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த மேடையில் சாய்ந்து நிற்பாள். நாங்கள் சேர்ந்து வேலை செய்த மூன்று வருடங்களில் அவள் என்னிடம் பேசியதை வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

1947 அக்டோபரில் முதலாளி குவாம் டிக்கெட்டை முப்பத்தைந்து சென்டிலிருந்து நாற்பதாக்கினார். அவர் ஏற்றிவிட்டு அறைக்குள் போய்விட்டார். திட்டு வாங்கியவள் ஆர்டிஸ். உலகச் சண்டை முடிந்து இரண்டு வருடம் ஆகியும் எதன் விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வெண்ணெய் பவுண்டு தொண்ணூறு சென்ட்டைத் தொட்டிருந்தது. கறிக்கடையில் கேட்ட கோபத்தையும் மளிகைக்கடையில் கேட்ட கோபத்தையும் சேர்த்து ஜனங்கள் சினிமா வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"அஞ்சு சென்ட் எதுக்கு? நாற்காலிக்கு ஸ்பிரிங் மாத்திட்டீங்களா?" என்று ரயில்வே பட்டறைக்காரர் ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க. அதே ஸ்பிரிங்தான். குத்துறதுக்கு இப்ப தனியா வாங்கறோம்," என்றாள் ஆர்டிஸ், சிரிக்காமல். அவர் சிரித்துவிட்டு நாற்பது சென்ட் வைத்தார். அவளுக்கு அப்படிப் பேச வரும். ஆனால் அதைப் பேசி முடித்ததும் முகம் பழையபடி அசந்துபோய்விடும், விளக்கை அணைத்த மாதிரி.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. 1942 இல் எல்டன் லுண்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஐந்து மாதம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவன் ராணுவத்துக்குப் போனான். இவள் அவன் பெற்றோர் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, துறைமுகத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடு பற்றவைக்கப் போனாள். நல்ல சம்பளம். 1944 நவம்பரில் பிரான்சின் எல்லைப்பக்கம் ஒரு காட்டில் எல்டன் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. அடுத்த கோடையில் சண்டை முடிந்தது, தளத்தில் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வாங்கியதில் பாதிகூட இல்லாத சம்பளத்துக்கு அரோராவின் கூண்டு கிடைத்தது. மாமனார் வீட்டைவிட்டுப் போக அவளுக்கு இடமில்லை. இடம் யாருக்குமே இல்லை. சண்டையிலிருந்து திரும்பிய பையன்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோழிக்கொட்டகையைச் சுண்ணாம்படித்துக் குடியிருந்த காலம் அது.

"நான் அவனுக்குப் பெண்டாட்டியா இருந்ததைவிட அவங்களுக்கு மருமகளா இருந்ததுதான் அதிகம்," என்று ஒருநாள் சொன்னாள். "அஞ்சு மாசத்துக்கு அஞ்சு வருஷம்."

லுண்ட் வீட்டில் மொத்தம் மூன்று பேர். மாமனார் யால்மர் துறைமுகத்தில், தாது ஏற்றும் துறையில் வேலை செய்தார். வண்டியிலிருந்து கப்பலுக்குச் சரியும் இரும்புத்தாது வழியில் உறைந்து நின்றுவிட்டால் நீளக் கழியால் குத்திவிடும் வேலை. முப்பது வருடமாக அதையே செய்து தோள் ஒருபக்கம் இறங்கிவிட்டது. அதிகம் பேச மாட்டார். மாமியார் சிக்னே பேசுவாள், ஆனால் சமையலறைக்குள் மட்டும். எல்டன் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

இதற்கிடையில் ஆர்டிஸைத் தேடி நீமி வர ஆரம்பித்திருந்தான். என்னைப் போலவே ஃபின்லாந்து வழிவந்தவன்தான். பேக்கரி வண்டி ஓட்டினான். முப்பத்து நான்கு வயது, முன்பக்கம் வழுக்கை ஏறியிருந்தது. மூன்று வருடம் பசிபிக் தீவுகளில் இருந்துவிட்டு வந்தவன், வந்ததும் எதைப் பற்றியும் பேசவில்லை, ரொட்டி மட்டும் விற்றான். செவ்வாயும் வெள்ளியும் மதிய ஆட்டத்துக்கு முன்னால் கூண்டு ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுப்பான். உடைந்த பன், நசுங்கிய ரொட்டி, விற்க முடியாதவை.

"நசுங்கினதைத்தான் எனக்குக் கொண்டுவர்றே," என்பாள் ஆர்டிஸ்.

"நல்லதைக் கொடுத்தா கணக்குல வரும். இது என் மனசுலேர்ந்து வர்றது," என்பான்.

ஒரு வருடம் இப்படிப் போனது. அந்த செப்டம்பரில் அவன் கேட்டான், அவள் சரி என்றாள். அதில் பெரிய சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "அவன் பக்கத்துல உட்கார்ந்தா நான் பேசணும்னு இல்ல. அதுபோதும்," என்றாள் என்னிடம். நீமி பதினான்கு மாதமாக ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தான். இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. வீட்டுக்காரி கல்யாணமானவர்களுக்குத்தான் கொடுப்பாள். காலியாகிறது, டிசம்பர் முதல் தேதிக்குள் கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் சாவி என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் ஒருவழியாகக் கூடி வந்தது என்று நினைத்தோம். அக்டோபர் மூன்றாவது வாரம் ராணுவத் துறையிலிருந்து தடித்த உறை ஒன்று ஆர்டிஸ் பெயருக்கு வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐரோப்பாவில் பட்டினி, அவர்களுக்குத் தானியம் அனுப்ப வேண்டும், அதனால் செவ்வாயன்று இறைச்சி சாப்பிடாதீர்கள், வியாழனன்று முட்டை வேண்டாம் என்று ஜனாதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். சிக்னே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மேசையில் இருந்தன.

"செவ்வாய்க்கிழமை இறைச்சி வேணாங்கறாங்க. கடையில விலையைப் பார்த்தா புதன்கிழமையும் வேணாம்தான்," என்றார் யால்மர். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஆர்டிஸ் உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு சின்னப் புத்தகமும் ஒரு படிவமும். வெளிநாட்டில் புதைத்திருக்கும் நம் வீரர்களை என்ன செய்வதென்று நெருங்கிய உறவினர் தீர்மானிக்கலாம். அங்கேயே நிரந்தர மயானத்தில் விட்டுவைக்கலாம். அல்லது சொந்த ஊருக்குக் கொண்டுவரலாம், செலவை அரசாங்கம் ஏற்கும். ஏதாவது ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவள் சத்தமாகப் படித்தாள், ஏனென்றால் இரண்டு பேரும் முள்கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்றும் புத்தகத்தில் எழுதியிருந்தது. முதலில் மனைவிக்கு. மனைவி மறுமணம் செய்திருந்தால் அவளுக்கு இல்லை. பிள்ளைகளும் இல்லையென்றால் தகப்பனுக்கு. தகப்பனும் இல்லையென்றால்தான் தாய்க்கு.

"கொண்டுவரச் சொல்லு," என்றாள் சிக்னே உடனே.

யால்மர் எழுந்து தட்டைக் கழுவுதொட்டியில் வைத்தார். "அங்கேயே இருக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

இருபத்தெட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இப்படி எதிரும் புதிருமாக அவர்கள் நின்று ஆர்டிஸ் பார்த்ததில்லை. மறுநாள் காலை சிக்னே அவளைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள். வெண்ணெய் வாங்கக் கட்டுப்படியாகாமல் வீட்டில் மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெய்தான். எங்கள் மாநிலத்தில் அதை மஞ்சளாக விற்கக் கூடாது, பால்காரர்கள் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைவெளேரென்று பன்றிக்கொழுப்பு மாதிரி வரும். கூடவே ஒரு பொட்டலத்தில் மஞ்சள் சாயப்பொடி இருக்கும், வீட்டில் போட்டுப் பிசைந்துகொள்ள வேண்டும். ஆர்டிஸ் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா," என்றாள் சிக்னே.

நீமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாடிப்படியைத் துடைக்கிற சாக்கில் அவனை உள்ளே விடாதவள் சிக்னே. அவள் கெஞ்சுகிறாள் என்பதே ஆர்டிஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ கல்யாணம் பண்ணிட்டா அது எல்டனோட அப்பாகிட்டே போயிடும். அவர் போட மாட்டார். எனக்கு அந்தப் பேப்பர்ல இடமே இல்ல. நான்தான் பெத்தேன், எனக்கு இடமில்ல. நீ போட்டாத்தான் உண்டு."

"அந்தச் சவப்பெட்டியைத் திறக்கக் கூடாதும்மா. மூடி முத்திரை வச்சுத்தான் வரும். உள்ளே யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஆர்டிஸ்.

"கல்லைப் போட்டு அனுப்பினாலும் பரவால்ல," என்றாள் சிக்னே. "மேல அவன் பேரு இருக்கும். நான் போயி நிக்க ஒரு இடம் இருக்கும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் அவங்கவங்க ஆளுங்ககிட்டே போறாங்க. நான் வேலியோரமா நின்னுட்டு வர்றேன்."

ஆர்டிஸ் பிசைவதை நிறுத்தவில்லை. மஞ்சள் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. விரல் வலித்தது. கொஞ்சம் கொடு என்று சிக்னே வாங்கி மீதியைப் பிசைந்தாள்.

இரண்டு நாள் கழித்து யால்மர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருந்தார். அன்று அவள் மதிய ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். மேடேறும் தெரு. அவர் மூச்சு வாங்க வாங்க நடந்தார், நடந்துகொண்டே பேசினார், முகத்தைப் பார்க்காமல்.

"அவனை ரயிலேத்திவிட்டது நான்தான். நீ வேலைக்குப் போயிருந்தே. ஜன்னல்லேர்ந்து கை காட்டினான். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதே ஸ்டேஷன்ல சரக்குப் பெட்டியிலேர்ந்து இறக்கறதை நான் பார்த்தேன்னா, அதுக்கப்புறம் எனக்கு அந்தக் கை வராது. பெட்டிதான் வரும்."

"அம்மா அழறாங்களே அப்பா."

"தெரியும்." கொஞ்ச தூரம் போனார். "நீமி நல்ல ஆளு. சீக்கிரமா பண்ணிக்கோ. எதுக்குத் தள்ளணும்?"

ஆர்டிஸ் நின்றுவிட்டாள். "இது எனக்கு நல்லதுக்குச் சொல்றீங்களா, உங்களுக்கா?"

"ரெண்டுக்கும்தான்," என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

இப்படி ஒரே வீட்டில் ஒருத்தி கல்யாணத்தைத் தள்ளச் சொன்னாள், ஒருத்தர் முந்தச் சொன்னார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ரேடியோவில் வேடிக்கை நிகழ்ச்சி ஓடும், ஸ்டூடியோவில் ஆயிரம் பேர் சிரிப்பார்கள், மேசையில் மூன்று பேர் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஆர்டிஸ் சொன்னாள்.

படிவத்தைக் கூண்டுக்குக் கொண்டுவந்து டிக்கெட் சுருளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் வைத்தால் இரண்டு பேரும் அதையே பார்க்கிறார்களாம்.

"நீ என்னடி நினைக்கறே? உன் புருஷன்தானே," என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தோணல. அதுதான் கஷ்டமா இருக்கு. அவன் குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. சிரிப்பு ஞாபகம் இருக்கு. தந்தி வந்தப்ப அழுதேன். மறுபடி முதல்லேர்ந்து அழுன்னா, எனக்கு அதுக்குத் தெம்பில்ல ஐனோ."

நீமி பொறுமையாக இருந்து பார்த்தான். நவம்பர் முதல் வாரத்தில் எதிரிலிருந்த சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். காபி ஐந்து சென்டிலிருந்து ஏழாகியிருந்தது, இரண்டாவது கோப்பை சும்மா கிடைப்பதும் நின்றுவிட்டது. அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தான்.

"எதையாவது போடு. எதுன்னு நான் கேக்கவே மாட்டேன்."

"அவ்வளவு சுலபமா இருந்தா நீயே போடு."

"அங்கே கிடக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன் ஆர்டிஸ். தீவுல. நான் குழி வெட்டியிருக்கேன். அவங்களுக்கு எங்கேங்கறது ஒண்ணும் கிடையாது. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் எங்கேன்னு வேணும். நமக்கும் வேணும். ரெண்டு ரூம், ஜன்னல்லேர்ந்து ஏரி தெரியுது."

அவன் தீவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஆர்டிஸ் பேனாவை எடுத்து அவன் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினாள். கோபமில்லாமல்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தில் செய்திப்படம் வந்தது. படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் அதுதான் ஓடும். கால்பந்தாட்டம், வெள்ளம், புதுத் தொப்பி போட்ட பெண்கள், பிறகு திடீரென்று ஒரு கப்பல். ஐரோப்பாவிலிருந்து முதல் கப்பல் நியூயார்க்குக்கு வந்திருந்தது, உள்ளே ஆயிரக்கணக்கில் பெட்டிகள். நான் திரையைப் பார்க்கிற வழக்கமில்லை. அன்று அரங்கத்துச் சத்தம் நின்றுபோனதால் கதவைத் திறந்து பார்த்தேன். பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட இல்லை. முன்னால் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு நிமிடம் இருக்கும். அடுத்தது கார்ட்டூன். ஒரு வாத்து ஏணியிலிருந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, பிறகு குழந்தைகள் சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.

ஆர்டிஸ் கூண்டைப் பூட்டிவிட்டு வந்தாள். வெளியே போன யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"காட்டினாங்களாமே."

"ஆமா."

"எத்தனை பெட்டி?"

"ஒண்ணைத்தான் தெருவுல கொண்டுபோனாங்க. கொடி போத்தி, குதிரைப் போலீஸெல்லாம் கூட. மத்ததெல்லாம் கப்பல்லயே இருந்துது."

"அந்த ஒண்ணு யாரு?"

"சொல்லல."

"தெருவுல நிறையப் பேரு இருந்தாங்களா?"

"கணக்கே இல்ல. ஒரு அம்மா மட்டும் நடுவுல கத்துது. என் பிள்ளை, என் பிள்ளைன்னு. அது அவ பிள்ளையா இருக்காது. அவளுக்கும் தெரியும்."

ஆர்டிஸ் மேடையில் சிந்தியிருந்த உப்பை விரலால் ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என் பென்சிலைக் கேட்டாள். படிவத்துக்குப் பேனா வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டு குவாமின் அறைக்குப் போய் மைப்பேனா வாங்கி, கூண்டிலிருந்து படிவத்தையும் எடுத்து வந்தாள். பாப்கார்ன் மேடையில் எண்ணெய் படும் என்று நான் ஒரு செய்தித்தாளை விரித்தேன். ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற இடத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"அப்பாவுக்கு அந்தக் கை இருக்கு. அம்மாகிட்டே ஒண்ணுமே இல்ல."

கையெழுத்துப் போட்டாயிற்று, இனிக் கல்யாணம்தானே என்று நான் நினைத்தேன். நீமியும் நினைத்தான். ஆனால் சிக்னேவுக்குப் புது பயம் பிடித்துக்கொண்டது. பெட்டி வருவதற்குள் நீ மறுமணம் செய்துகொண்டால், அந்தக் கையெழுத்து செல்லுமா? அவர்கள் திரும்ப யால்மருக்கு எழுதினால்? தேவாலயத்துப் போதகருக்குத் தெரியவில்லை. பழைய வீரர்கள் சங்கத்தில் ஒருவர் செல்லும் என்றார், இன்னொருவர் செல்லாது என்றார். ராணுவத் துறைக்கு எழுதிக் கேட்டாள் ஆர்டிஸ். பதிலில் அவளுடைய படிவம் கிடைத்ததென்றும் உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்றும் அச்சடித்திருந்தது.

"வர்ற வரைக்கும் இரு," என்றாள் சிக்னே. அந்தத் தடவை கெஞ்சவில்லை. கண்ணைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் தேதி போயிற்று. இரும்புக் கடை மேல்மாடிக்கு ஒரு பள்ளி ஆசிரியனும் அவன் மனைவியும் குடிவந்தார்கள். நீமி சண்டை போடவில்லை. வருவதை நிறுத்திவிட்டான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பாதி. ஏரியிலிருந்து அடிக்கிற காற்றில் கூண்டின் கண்ணாடி உள்பக்கமே பனி பிடித்து, டிக்கெட் வாங்குபவன் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவனுக்குத் தெரியாது. நான் அவனைத் தெருவில் பார்த்துத் திட்டினேன்.

"செத்தவன் ஊருக்கு வர்ற வரைக்கும் உயிரோட இருக்கிறவன் வெளியே நிக்கணுமா?" என்று கேட்டான்.

"நிக்கத்தான் வேணும். நீ என்ன புதுசாவா நிக்கறே? பதினாலு மாசம் வீட்டுக்கு நின்னவன்தானே."

அடுத்த வெள்ளிக்கிழமை கூண்டு ஜன்னலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே முழு ரொட்டி, நசுங்காதது. ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு காசு கட்டினது?" என்றாள். "நான்தான்," என்றான் நீமி.

பெட்டி 1948 ஜூலையில் வந்தது. முன்னதாகத் தந்தி, ரயில் நேரம், கூட வருபவர் பெயர். யால்மர் தந்தியைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். போகிறாரா என்று சிக்னே கேட்கவுமில்லை. ஸ்டேஷனுக்கு ஆர்டிஸும் சிக்னேவும் போதகரும் நானும் போனோம். பழைய வீரர்கள் சங்கத்திலிருந்து ஆறு பேர், உடம்புக்குச் சிறுத்துப்போன பழைய ராணுவச் சட்டைகளில். நீமி தன் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

சரக்குப் பெட்டிக் கதவைத் தள்ளினார்கள். கொடி போர்த்திய பெட்டி. பக்கத்தில் ஒரு சார்ஜெண்ட் விறைப்பாக நின்றார். சிக்னே கிட்டே போய் உள்ளங்கையைக் கொடியின் மேல் வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. அழவில்லை. ஆர்டிஸும் அழவில்லை. "அந்த சார்ஜெண்ட் சாப்பிட்டிருப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

பெட்டி ஈமச்சடங்கு நடத்துபவரின் கூடத்துக்குப் போனது. சார்ஜெண்ட் மறுநாள் அடக்கம் முடியும்வரை இருக்க வேண்டியவர், வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பெயர் டில்மன், ஆர்க்கன்சாஸ் பக்கத்து ஆள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பன்றித்தொடை, உருளைக்கிழங்குக் கலவை, மூன்று விதக் கேக், எல்லாம் மேசையில் இருந்தன. அவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒன்றையும் முடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது எனக்குப் பதினோராவது வீடு. எல்லா வீட்லயும் பன்றித்தொடைதான். எங்கயாவது பூட்ஸைக் கழட்டிட்டு உட்கார முடிஞ்சா நல்லாயிருக்கும்."

பின்கட்டுப் படியில் அவரை உட்காரவைத்துத் தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் தானும் காலணிகளை உதறிவிட்டு மேல்படியில் உட்கார்ந்தாள். நான் கதவோரத்தில் நின்றேன். யால்மர் ஐந்தரைக்கு வேலையிலிருந்து திரும்பிப் பின்பக்கமாக வந்தவர், தன் படியில் ராணுவ உடுப்பில் ஒருவன் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். உடம்பெல்லாம் இரும்புத்தாதின் சிவப்புத் தூள்.

சார்ஜெண்ட் எழப் போனார். "உட்காருங்க, உட்காருங்க," என்றார் யால்மர். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். "அது அவன்தானா?"

"பேப்பர்ல அப்படித்தாங்க இருக்கு. நான் திறந்து பார்த்ததில்ல, பார்க்கவும் விடமாட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"எங்கேர்ந்து கூட வர்றீங்க?"

"சிகாகோவிலேர்ந்து."

"எங்கே உட்கார்ந்து வந்தீங்க? பயணிங்க பெட்டியிலயா?"

"சட்டப்படி அங்கேதான். ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். மழை பெஞ்சுது, கதவு சரியா மூடல, சேர்த்துக் கட்டிட்டு வந்தேன்."

யால்மர் தலையாட்டினார். "நனைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நனையல."

அவர் சார்ஜெண்டைத் தாண்டிப் படியேறி உள்ளே போனார். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு தனியாகக் கூடத்துக்கு நடந்து போனார் என்று பிறகு தெரிந்தது. அங்கே என்ன செய்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் அடக்கம். துப்பாக்கி மூன்று தடவை சுட்டது. கொடியை முக்கோணமாக மடித்து சார்ஜெண்ட் ஆர்டிஸிடம் கொடுத்தார், சட்டப்படி மனைவிக்கு. அவள் வாங்கித் திரும்பி சிக்னேயின் மடியில் வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் அடுத்த நாள் மதியம் வரை தூங்கினாள். குவாம் என்னைக் கூண்டில் உட்காரவைத்தார். அன்றுதான் எனக்கு அந்த இடது கால் விறைப்பு என்னவென்று தெரிந்தது, ஏரிக்காற்றில், ஜூலை மாதத்திலேயே.

செப்டம்பரில் போதகர் வீட்டு முன்னறையில் ஆர்டிஸுக்கும் நீமிக்கும் கல்யாணம் நடந்தது. இருபது நிமிடம். குடியிருக்க வீடு தேடி நகரத்தின் இரண்டு முனையும் அலைந்தார்கள். கிடைத்தது ஒரு கார் நிறுத்தும் கொட்டகை, அதற்கு உரிமையாளன் மாதம் முப்பத்தைந்து டாலர் கேட்டான். ஒரு நாள் சாப்பாட்டின்போது யால்மர் சொன்னாராம்: "மாடி இருக்கே."

இறந்தவனின் வீட்டில், அவன் அறையில், அவன் பெண்டாட்டியோடு வந்து இருப்பதா என்று ஊரில் பேசினார்கள். நீமிக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சிக்னே கட்டிலை மாற்றிப் போட்டாள், பழையதை விற்றாள், திரைச்சீலையைத் துவைத்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடமில்லாத காலத்தில் இடம்தான் பெரிது. நீமியும் யால்மரும் சேர்ந்து குளிர்கால ஜன்னல்களை மாட்டினார்கள், எது எந்த ஜன்னலுக்கு என்று இரண்டு நாள் சண்டை.

யால்மர் அடக்கத்துக்குப் பிறகு மயானத்துக்குப் போகவே இல்லை. சிக்னே ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. பேருந்து மாறி மாறிப் போவாள், பனி கொட்டினாலும் போவாள். குளிர் முற்றியதும் நீமி பேக்கரி முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்தான். சிக்னே முன்னிருக்கையில் கையில் பூவோடு உட்கார்ந்து போவாள். அவள் இறங்கிப்போய் நிற்கும்வரை அவன் வண்டியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பான். ஆர்டிஸும் சிலசமயம் போவாள். அனேகமாகப் போக மாட்டாள். "நீங்க போயிட்டு வாங்கம்மா," என்று சொல்லிவிட்டு, காலுக்குக் கீழே இரண்டு தலையணையை வைத்துக்கொண்டு மாடியில் படுத்துக்கொள்வாள். சிக்னே அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.